கர்ப்பகாலத்தின் அரிய நரம்பியல் நோய்களும் சுற்றுச்சூழல் நச்சுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அரிய நோய்" என்றால் எவ்வளவு அரிது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் வராத நோயை அரிய நோய் என்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, நாடு முழுவதும் சேர்த்து 2 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு இருக்கும் நோய். இரண்டுமே மொத்த மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. கர்ப்பிணிகளை மட்டும் எண்ணினால் படம் மாறிவிடும். பிரிட்டனில் 1992-ல் எடுத்த கணக்கில் 10,000 பிரசவங்களுக்குச் சுமார் 4.9 பேருக்குச் சூல்வலிப்பு, அதாவது கர்ப்பகால ரத்த அழுத்தம் எகிறி வரும் எக்லாம்ப்சியா என்ற வலிப்பு, வந்திருந்தது. 2005-06 கணக்கில் அது 2.7 ஆகக் குறைந்துவிட்டது. அப்படியென்றால் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவர் இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் பல வருடங்கள் கழியலாம். பார்க்கும் அன்றைக்கோ யோசிக்க நேரம் இருக்காது.

அப்படி என்னென்ன நோய்கள் வரும்?

முழுப் பட்டியல் நீளமானது. மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

முதலாவது, கர்ப்பத்தாலேயே வருபவை. சூல்வலிப்பு இதில் முதன்மையானது. அதோடு ஒட்டி வருவது 'பிரெஸ்' என்ற நிலை: ரத்த அழுத்தம் எகிறி, பெரும்பாலும் மூளையின் பின்பகுதியில் நீர் கோத்து, பார்வை மங்கி, குழப்பமும் வலிப்பும் வரும். நேரத்தோடு அழுத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 1996-ல்தான் இதைத் தனி நோய்நிலையாக விவரித்தார்கள். கை கால்கள் தாமாக ஆடிக்கொண்டே இருக்கும் கர்ப்பகாலக் கோரியாவும் இந்த வகைதான். ஒரு காலத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வந்துபோன பெண்களிடம் அதிகம் தென்பட்டது. இன்று அதைக் கண்டால் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் (உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

இரண்டாவது, யாருக்கும் வரலாம், ஆனால் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வாய்ப்பு கூடும். மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைப்பது, மூளைத் தமனிகள் திடீரென்று சுருங்கி இடி விழுந்ததுபோல் தலைவலி வருவது, முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் பெல்ஸ் பால்சி.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் நோய் கர்ப்பத்தில் போக்கு மாறுவது. கால்கை வலிப்பு, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞை குறைந்து தசை தளரும் மயஸ்தீனியா கிராவிஸ், நோயெதிர்ப்பு மண்டலம் நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் இதில் சேரும். கடைசியாகச் சொன்னதில் ஒரு விசித்திரம் உண்டு. 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய் நன்றாக அடங்கியது. பிரசவமான முதல் மூன்று மாதங்களில் முன்பைவிட அதிகமாகத் திரும்பியது. கர்ப்பத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் எப்படி மாறுகிறது என்று ஆராய்பவர்களுக்கு இது இன்றும் ஒரு தொடக்கப்புள்ளி.

கர்ப்பத்தில் தலைவலி சகஜம்தானே, எதற்கு உடனே ஓட வேண்டும்?

சகஜம்தான். பெரும்பாலான தலைவலிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஆனால் சில சேர்க்கைகளைத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, பார்வை மங்கலோடு அல்லது கண்முன் பொறி பறப்பதோடு வரும் தலைவலி, வலிப்பு, பேச்சு குழறல், ஒரு பக்கம் பலவீனம், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய்ப் படுத்தால் மோசமாகும் வலி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அன்றே, முடிந்தால் அந்த மணிநேரமே, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. குழந்தை பிறந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைப்பது பெரிய தவறு. மேலே சொன்ன 1992 கணக்கில் 44 சதவீத வலிப்புகள் பிரசவத்துக்குப் பிறகே வந்தன. மூளைச் சிரை ரத்தக்கட்டும் இடிபோன்ற தலைவலியும் பிரசவத்தை அடுத்த வாரங்களில்தான் அதிகம். வீட்டில் எல்லோருடைய கண்ணும் குழந்தைமேல் இருக்கும் அந்த நாட்களில் தாயின் தலைவலியைத் தூக்கமின்மைக் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

சூல்வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் என்று எப்படி முடிவானது?

மெக்னீசியத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சிலர் பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்காவில் அது வழக்கமாகிவிட்டது. பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் டயசிபம், ஃபெனிடோயின் போன்ற வலிப்பு மருந்துகளைக் கொடுத்தார்கள். வலிப்புக்கு வலிப்பு மருந்துதானே கொடுக்க வேண்டும், இதென்ன உப்பு என்பது அவர்களுடைய வாதம். இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது.

1995-ல் 1,687 பெண்களை வைத்து நடந்த பன்னாட்டுப் பரிசோதனை இதைத் தீர்த்து வைத்தது. மீண்டும் வலிப்பு வருவது டயசிபத்தைவிட மெக்னீசியத்தில் 52 சதவீதமும், ஃபெனிடோயினைவிட 67 சதவீதமும் குறைவு. அப்புறம், வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் தடுக்குமா என்று பார்க்க 'மேக்பை' பரிசோதனை நடந்தது. 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். 2002-ல் முடிவு வந்தது: சூல்வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்தது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வு இதுதான். மருந்து மலிவானது, பழையது, அதை விற்று யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. இருந்தும் இத்தனை நாடுகள் சேர்ந்து உழைத்தன. அரிய நோய்க்கு உறுதியான விடை வேண்டுமென்றால் நாடுகளின் எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கு மெக்னீசியம் கொடுத்தால் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞை இன்னும் குறைந்து மூச்சே நின்றுவிடலாம். அந்த நோய் இருப்பவர்கள் அதைக் கர்ப்பப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வது நல்லது.

வாந்தி அதிகமானால் மூளை பாதிக்கும் என்கிறார்கள். உண்மையா?

சாதாரண மசக்கையில் இல்லை. வாரக்கணக்கில் எதுவுமே வயிற்றில் தங்காமல் போனால் உண்மை. உடலில் தயாமின், அதாவது வைட்டமின் பி1, இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் வெர்னிக்கே மூளை நோய் வரும்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம். மூன்றும் ஒன்றாகத் தெரிவது குறைந்த பேரிடம்தான். அதனால் தவறவிடுவதும் எளிது. கார்ல் வெர்னிக்கே 1881-ல் முதலில் விவரித்த மூன்று நோயாளிகளில் ஒருவர் இளம்பெண். கந்தக அமிலம் குடித்ததால் ஓயாமல் வாந்தி எடுத்தவர். குடிப்பழக்கத்தோடு மட்டும் இந்த நோயை முடிச்சுப் போட்டுப் பார்ப்பது பிற்பாடு வந்த பழக்கம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: வாந்தியால் வாடி வரும் கர்ப்பிணிக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க உடல் எஞ்சியிருக்கும் தயாமினையும் செலவழித்துவிடும். ஆகவே தயாமினை முதலில், அல்லது கூடவே, கொடுக்க வேண்டும். தடுப்பதற்கு இவ்வளவு எளிதான மூளை நோய்கள் அதிகம் இல்லை.

ஒரு வருடத்தில் நாலு பேருக்கு வரும் நோயை எப்படி ஆராய்வது?

முதல் படி, ஒரு மருத்துவர் தான் பார்த்த நோயாளியைப் பற்றி எழுதுவது. அப்படிப்பட்ட குறிப்புகளை மட்டமாக எண்ண வேண்டாம். 2007-ல் ஜோசப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களை வைத்து என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சியை விவரித்தார்கள். மனநோய்போல் தொடங்கி, வலிப்பும் மயக்கமுமாக முடியும் நோய். அந்த 12 பேரில் 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது. அதற்கு எதிராக உருவான எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கியது. அதன் பிறகு கர்ப்பிணிகளிடமும் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் இப்படிப்பட்டவர்கள் மனநலப் பிரிவுகளில்தான் இருந்திருப்பார்கள்.

ஆனால் ஆச்சரியமான நோயாளியைப் பற்றித்தான் எழுதுவார்கள், சாதாரணமானவரைப் பற்றி எழுத மாட்டார்கள். எனவே குறிப்புகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் எல்லாமே பயங்கரமாகத் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் கண்காணிப்பு வலைப்பின்னல்கள். பிரிட்டனில் 2005-ல் தொடங்கிய 'யூகாஸ்', நாட்டின் பிரசவ மருத்துவமனைகள் எல்லாவற்றையும் மாதாமாதம் கேட்கிறது: இந்த மாதம் இந்த நோய் வந்ததா? "ஒன்றும் வரவில்லை" என்ற பதிலும் கட்டாயம் வர வேண்டும். அந்தப் பூஜ்யங்கள் இருந்தால்தான் எத்தனை பிரசவத்தில் ஒன்று என்று வகுத்துச் சொல்ல முடியும்.

நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்காதா?

அப்படித்தான் நீண்டகாலம் நம்பினார்கள். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்பத்தில் ரூபெல்லா வந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கண்புரை இருப்பதைக் காட்டினார். அடுத்து 1957-ல் சந்தைக்கு வந்த தாலிடோமைடு. மசக்கைக்குக் கொடுத்த மாத்திரை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஊனமாக்கியது. 1961-ல் திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் சுற்றுச்சூழல் நச்சு என்று வரும்போது மினமாட்டாவைத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானின் குமமோட்டோ மாகாணத்துக் கடலோர ஊர். சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. அதில் உண்டான மெத்தில் பாதரசம் கழிவோடு கடலுக்குப் போய், மீனுக்குள் போய், மீன் தின்றவர்களுக்குள் போனது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கை கால் மரத்துப்போதல், பார்வைப் புலம் சுருங்குதல், தள்ளாட்டம், மரணம்.

அதே ஊரில் மூளை முடக்குவாதத்தோடு குழந்தைகளும் பிறந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகள் மீனே தின்றதில்லை. தாய்மார்களுக்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. எனவே இது வேறு நோய் என்று நிபுணர்கள் தள்ளிவைத்தார்கள். மீன்தான் காரணம் என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மசாசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் அவர்கள் சொன்னதைக் கேட்டார். 1962-ல், இறந்துபோன ஒரு குழந்தையின் உடற்கூறு ஆய்வுக்குப் பிறகே கருவிலேயே பாதரசம் தாக்கியது என்று ஏற்றுக்கொண்டார்கள். தாயின் உடம்பிலிருந்த நஞ்சை நஞ்சுக்கொடி குழந்தைக்குக் கடத்தியிருந்தது.

பிறந்தபோது எவ்வளவு பாதரசம் இருந்தது என்று பல வருடம் கழித்து எப்படி அளப்பது? அங்கே குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம் இருந்தது. ஹராடா அவற்றைச் சேகரித்தார். 1975-ல் வெளியான முடிவில், கொடிகளில் இருந்த மெத்தில் பாதரசம் ஆலையின் உற்பத்தியோடு சேர்ந்தே ஏறி இறங்கியது தெரிந்தது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு சொன்னதே 1968-ல்தான். அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2013-ல் உருவாகி, 2017-ல் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் கர்ப்பத்தில் மீன் சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம். எந்த மீன் என்பதில்தான் விஷயம். இந்தக் கேள்விக்கு இரண்டு தீவுகள் எதிரெதிர் விடை சொன்னதால் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

ஃபாரோ தீவுகளில் 1986-87-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிலிப் கிராண்ட்ஜான் குழு தொடர்ந்து கவனித்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசம் கூடக் கூட, 7 வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சிறு குறைவு தெரிந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் 1989-ல் தொடங்கிய ஆய்வில் அப்படி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே தினமும் மீன்தான்.

வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் சாப்பாடு. ஃபாரோவில் பாதரசம் பெரும்பாலும் பைலட் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது. அதில் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்ற வேறு நச்சுகளும் உண்டு. சீஷெல்ஸில் சாதாரணக் கடல்மீன். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பும் மற்ற சத்துகளும் மூளை வளர்ச்சிக்கு உதவி, பாதரசத்தின் தீங்கை ஓரளவு மறைத்திருக்கலாம். பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து 2007-ல் வெளிவந்த ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது: வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடல் உணவு சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் மொழித்திறனில் பின்தங்கினார்கள்.

நடைமுறையில்: சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிருங்கள். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பாதரச பயத்தில் மீனையே நிறுத்துவது நஷ்டம்.

ஈயத்தைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்? பெட்ரோலிலிருந்து எடுத்துவிட்டார்களே?

எடுத்துவிட்டார்கள். கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. ஆனால் எலும்பில் சேர்ந்த ஈயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது, பல பத்தாண்டுகள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் குழந்தைக்குக் கால்சியம் தர எலும்பு கரையும்போது ஈயமும் கூடவே கிளம்பும். தாய் சிறுவயதில் வாங்கிய நஞ்சு, வட்டி போடாத பழைய கடன் மாதிரி, குழந்தையின் கணக்கில் வந்து விழுகிறது.

இதை நிரூபித்த விதம் அழகானது. பிரையன் கல்சன் குழு, வேறு நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த பெண்களைக் கவனித்தது. ஆஸ்திரேலிய ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடையில் சற்றே வேறுபடும் ஈய அணுக்களின் கலவை, வேறு, அவர்கள் பிறந்த மண்ணின் விகிதம் வேறு. கர்ப்பத்தில் அவர்கள் ரத்தத்தில் ஏறிய ஈயத்தில் பழைய நாட்டு அடையாளம் இருந்தது. எலும்பிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கால்சியம் சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் எலும்பு கரைவது குறையும். மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்த பரிசோதனையில் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. பெரிய குறைவில்லைதான். ஆனால் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நினைத்தால், எந்தக் குறைவும் லாபமே. வீட்டில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையை, குழந்தைக்கு அறை தயார் செய்கிறோம் என்று கர்ப்பத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

காற்று மாசு கருவரைக்கும் போகுமா?

போகும். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கருங்கரித் துகள்கள் இருப்பதைக் காட்டினார்கள். தாய் மாசு நிறைந்த இடத்தில் வாழ்ந்திருந்தால் துகள்களும் அதிகம். காற்று மாசுக்கும் குறைப்பிரசவம், எடை குறைவு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பல நாட்டு ஆய்வுகளில் வலுவாகத் தெரிகிறது. கர்ப்பகால ரத்த அழுத்தத்தோடும் தொடர்பு சொல்லப்படுகிறது. அது உயர்ந்தால் அடுத்த நிறுத்தம் சூல்வலிப்பாக இருக்கலாம் என்பதால் நரம்பியல் ஆய்வாளர்களும் இதைக் கவனிக்கிறார்கள். ஆட்டிசம் போன்றவற்றோடு சொல்லப்படும் தொடர்பு இவ்வளவு உறுதியானதில்லை. உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5-க்கான, அதாவது காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்களுக்கான, ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை 2021-ல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

கார்பன் மோனாக்சைடு?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அறிகுறிகள் அப்படியே கர்ப்ப அறிகுறிகள்: தலைவலி, குமட்டல், தலைசுற்றல். கருவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். எனவே தாய் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் குழந்தையின் மூளைக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் இருக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ வேண்டவே வேண்டாம்.

பூச்சிக்கொல்லிகள்?

நரம்பைத் தாக்கவென்றே உருவாக்கிய ரசாயனங்கள் பலவும் இதில் உண்டு. அதனால் சந்தேகம் நியாயமானது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி தொப்புள்கொடி ரத்தத்தில் அதிகமாக இருந்த குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்குவதைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் 2001 வாக்கில் வீட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்டதும் அடுத்துப் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அளவு மளமளவென்று விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் தடை செய்தது. கர்ப்பத்தில் வீட்டுக்குள் மருந்தடிக்கும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, காற்றோட்டம் வந்த பிறகு உள்ளே போவது போதுமான ஜாக்கிரதை.

எந்த மாதத்தில் ஆபத்து அதிகம்?

நச்சைப் பொறுத்தது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். கர்ப்பமே பலருக்குத் தெரியாத நேரம் அது. அதனால்தான் ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே, தினம் 400 மைக்ரோகிராம், தொடங்கச் சொல்கிறார்கள். நரம்புக்குழல் குறைபாட்டோடு ஏற்கெனவே ஒரு குழந்தை பிறந்திருந்தால் கூடுதல் அளவு வேண்டும். அப்படிப்பட்ட தாய்மார்களிடம் 1991-ல் பிரிட்டன் நடத்திய பரிசோதனையில் குறைபாடு திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் கருவில் இருந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு அதிகமாகத் தெரிந்தது, 8 முதல் 15 வாரத்துக் கருவாக இருந்தவர்களிடம். மூளை செல்கள் பெருகி இடம் பெயரும் காலம் அது. பாதரசமும் ஈயமும் முழுக் கர்ப்பகாலத்திலும் வேலையைக் காட்டும்.

"ஆய்வு சொல்கிறது, இதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு" என்று செய்தி வந்தால்?

முதலில் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். பாராசிட்டமால் நல்ல உதாரணம். கர்ப்பத்தில் அதைப் போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் சற்றே அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்லின. ஆனால் மாத்திரை போடுபவர்கள் சும்மா போடுவதில்லை. காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, உடல்வலி ஏதோ ஒன்று இருக்கிறது. பரம்பரையும் உண்டு. 2024-ல் ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசினார்கள். மொத்தமாகப் பார்த்தபோது சிறு அதிகரிப்பு தெரிந்தது. ஒரே தாய்க்குப் பிறந்தவர்களில், ஒரு கர்ப்பத்தில் மாத்திரை போட்டு இன்னொன்றில் போடாதவர்களை ஒப்பிட்டதும் அந்த அதிகரிப்பு காணாமல் போனது.

அடுத்தது, இருப்பது வேறு, கெடுப்பது வேறு. 2021-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் 6 நஞ்சுக்கொடிகளைச் சோதித்து 4-ல் நுண்பிளாஸ்டிக் கண்டார்கள். முக்கியமான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து "பிளாஸ்டிக் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது" என்று தலைப்பு போட்டவர்கள் ஆய்வைப் படிக்கவில்லை.

கர்ப்பிணிகளை ஏன் மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதில்லை?

தாலிடோமைடின் நிழல். 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களையே தொடக்கக்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கியது. 1993-ல்தான் அதை மாற்றியது. பாதுகாக்கிறோம் என்று செய்த இந்த விலக்கு ஆபத்தை ஒழிக்கவில்லை, கண்காணிப்பு இல்லாத இடத்துக்குத் தள்ளிவிட்டது என்பது என் கருத்து. வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டைப் பாருங்கள். கருவில் அதற்கு ஆளான குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சிப் பிரச்சினைகளும் வருவது, மருந்து சந்தைக்கு வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. அதைத் தெளிவாக்கியவை கர்ப்பகால வலிப்பு மருந்துப் பதிவேடுகள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாயையும் குழந்தையையும் கொல்லலாம். மருத்துவரிடம் பேசி, முடிந்தால் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கடோலினியம் என்ற சாயமருந்தை மட்டும், தவிர்க்க முடியாத நிலை தவிர, போடமாட்டார்கள். மூளையில் கோளாறு என்று சந்தேகம் இருக்கும்போது ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

நஞ்சுகளை வெளியேற்றும் 'டீடாக்ஸ்' உதவுமா?

கர்ப்பத்தில் கிட்டக்கூடப் போகாதீர்கள். ஈயத்தையும் பாதரசத்தையும் பிடித்து வெளியேற்றும் கிலேஷன் மருந்துகள் உண்டு. ஆனால் அளவு மிக அதிகமாகி உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே கொடுப்பவை. உண்மையான சந்தேகம் இருந்தால், உதாரணமாக பேட்டரி, பெயின்ட், உலோகத் தொழிலில் வேலை என்றால், ரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். எல்லா ரசாயனத்துக்கும் சேர்த்து ஒரே பரிசோதனை என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நீண்டகாலக் கர்ப்ப ஆய்வில் சேர அழைத்தார்கள். சேரலாமா?

இந்தப் பக்கத்தில் சொன்னவற்றில் பாதி அப்படிச் சேர்ந்தவர்களால் கிடைத்தது. நார்வேயின் 'மோபா' 1999 முதல் 2008 வரை சுமார் 1,14,000 குழந்தைகளைச் சேர்த்தது. ஜப்பான் 2011-ல் தொடங்கி ஒரு லட்சம் கர்ப்பங்களைப் பின்தொடர்கிறது. அரிய நோயும் சுற்றுச்சூழல் நச்சும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க லட்சம் என்ற எண்ணிக்கையே குறைவுதான், ஆகவே நாடுகள் தரவைச் சேர்த்துப் பார்க்கின்றன. எல்லாம் ஜெயிப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைகளை எண்ணித் திட்டமிட்ட தேசியக் குழந்தைகள் ஆய்வு, நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 2014-ல் கைவிடப்பட்டது.

சேரும் முன் கேட்க வேண்டியவை: ரத்தமும் தொப்புள்கொடி மாதிரியும் எத்தனை வருடம், எங்கே வைத்திருப்பார்கள்? பெயர் எப்படி மறைக்கப்படும்? என் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று தெரிந்தால் எனக்குச் சொல்வார்களா, அல்லது கணக்கில் மட்டும் போகுமா? குழந்தை வளர்ந்த பிறகு அவனோ அவளோ வேண்டாம் என்றால் விலக முடியுமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தருகிற ஆய்வில் தயங்காமல் சேரலாம். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு, அதனால் சிகிச்சை பாதிக்கக்கூடாது என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.